வாவியில் குளித்த அம்மா

"ஆகஸ்ட், இரண்டாம் சனி. அம்மா முதன்முதலாக அக்கா வீட்டில்." என் பழைய கைப்பேசியில் உள்ள ஒரு படத்துக்கு நான் எழுதி வைத்த குறிப்பு இது. படத்தில் அம்மா ஈரத்தலையோடு சிரிக்கிறார். பின்னால் வாவி, முழுப் பச்சை.

அக்கா தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளைக்கு மட்டக்களப்புப் பக்கம் வாவியோரத்தில் வீடு. நெடுநாள் வீம்புக்குப் பிறகுதான் அம்மா எங்கள் மலையூரான கொஸ்லந்தையிலிருந்து என்னோடு பஸ் ஏறினார். மடியில் தேயிலைப் பொட்டலம். மொனராகலை தாண்டியதும் வெக்கை தாங்காமல் ஸ்வெட்டரைக் கழற்றினார். அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

போய் இறங்கியதும் அம்மா நேரே கரைக்குப் போனார்.

"இப்ப வாவியில இறங்காதீங்கம்மா, தண்ணி சரியில்ல. கிணத்துல அள்ளித் தாறேன்" என்றாள் அக்கா.

"பாசி புடிச்சா கெட்ட தண்ணியா? நம்ம பீலிக் கல்லு பூரா பாசிதான். அதுலதானே ஒன்னக் குளிப்பாட்டி வளத்தேன்? கல்யாணங் கட்டுனதும் தண்ணிக்குப் பயமாக்கும்!"

மலை ஊற்றைக் குழாய் வழியே விழவிட்டுக் குளிக்கும் இடம்தான் பீலி. அதன் பாசி எங்களுக்குக் குளிர்ச்சியின் அடையாளம். அம்மா ஆசை தீர முழுகினார். நானும் படம் எடுத்தேன்.

பொழுது சாய்வதற்குள் அம்மாவின் கழுத்தும் கைகளும் தடித்துச் சிவந்தன. கண் எரிந்தது, இருமல் நிற்கவில்லை. அக்காவின் கணவர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

"பாசியால இருக்கலாம். பச்சை தெளியும்வரை இறங்க வேண்டாம், அதில பிடிச்ச மீனும் வேண்டாம்" என்றார் டாக்டர். அக்கம்பக்கத்திலும் இரண்டு மூன்று பேர் அதே சொறியோடு வந்திருந்தார்களாம்.

வீடு திரும்பியதும் அக்கா அழுதாள். "இனிமே இந்தப் பக்கமே வர மாட்டீங்க, என்னம்மா?"

அம்மா கழுத்தைச் சொறிந்தபடியே சொன்னார்: "தண்ணி செஞ்சதுக்கு மாப்பிள்ள என்னடி பண்ணுவாரு? அவருதானே தூக்கிட்டு ஓடுனாரு. அழாமத் தேத்தண்ணி ஊத்து."

அடுத்த ஆண்டும் அம்மா போனார். கிணற்றடியிலேயே குளித்தார். அதற்கடுத்த ஆண்டு அவர் இல்லை.

பாசியில் நஞ்சுள்ளது, இல்லாதது என்று இருவகை உண்டென்று பின்னாளில் படித்தேன். அன்றைய நீரை யாரும் எடுத்துச் சோதித்ததாகத் தெரியவில்லை. அம்மாவின் உடம்பு தடித்தது அந்தப் பச்சையால்தானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.