பெண்ணைப் பெற்றவர் பச்சையாக வந்த கல்யாணம்

வென்டல் கோப் எங்கள் ஊரில் டி.வி. ரிப்பேர் செய்பவர். ஒஹாயோவில் சோளக்காட்டுக்கு நடுவே நாலே தெரு உள்ள ஊர். அவர் மகள் டார்லாவும் நானும் பக்கத்து வீட்டுக்காரிகள், ஒரே வகுப்பு. மனிதர் ஒல்லி, நெட்டை, மகா கூச்சக்காரர். யார் வீட்டுக்குப் போனாலும் டி.வி. பெட்டியின் பின்பக்கம் தலையை நுழைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார். வருஷத்தில் ஒரே ஒரு நாள், பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற ஹாலோவீன் அன்று, ஊரே கேட்கும்படி உறுமுவார்.

அன்று அவர் வேஷம், சதுப்பு நிலப் பூதம். ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார். சனிக்கிழமை மதியங்களில் டி.வி.யில் பழைய பேய்ப் படங்கள் போடுவார்கள். மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்து, செவுள், நகம், பல் எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்துகொள்வார். காது, மைதாப் பசையில் தோய்த்த பஞ்சு. உடம்பு, உருளைக்கிழங்குச் சாக்கு. முதல் வருஷம் நிஜக் குளத்துப் பாசியையே தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அந்த நாற்றத்தில் பிள்ளைகள் மிட்டாய்கூட வாங்காமல் ஓடிப்போனார்கள். மறு வருஷத்திலிருந்து பாசிக்குப் பதில் பச்சைக் கம்பளி நூல்.

1975இல் டார்லாவுக்குக் கல்யாணம் நவம்பர் ஒன்றாம் தேதி நிச்சயமாயிற்று. அதாவது ஹாலோவீனுக்கு மறுநாள்.

அவர் மனைவி இர்மா ஒரு மாதம் முன்பே கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த வருஷம் பூதம் கீதம் ஒண்ணும் கிடையாது வென்டல். மிட்டாயைக் குடு, கதவைச் சாத்து. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

சும்மா விடுவாளா? முகத்துக்குப் பூசும் வண்ண டப்பாக்களை எடுத்து எங்கோ ஒளித்தும் வைத்தாள்.

ஹாலோவீன் சாயங்காலம் இர்மா, டார்லா, நான் மூன்று பேரும் சர்ச் ஹாலில் மேஜைவிரிப்பு போடப் போனோம். அத்தனை விரிப்புகளையும் இர்மாவே பச்சைச் சாயத்தில் முக்கி உலர்த்தியிருந்தாள். வீட்டில் வென்டல் மட்டும், மிட்டாய்க் கிண்ணத்தோடு.

பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பூப்போட்ட படுக்கை விரிப்பில் கண்ணுக்கு ஓட்டை போட்ட பேய்கள், கரி மீசை வைத்த கொள்ளைக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"மிஸ்டர் கோப், பூதம் எங்க?"

"ஊருக்குப் போயிருக்கு."

மாவுச் சாக்கில் தைத்த கவுனோடு நின்ற ஒரு குட்டி தேவதைக்கு உதடு பிதுங்கிவிட்டது. "செத்துப்போச்சா?" என்று கேட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாளாம்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. வண்ண டப்பாவைத் தேடினார், கிடைக்கவில்லை. துணி துவைக்கும் அறையில் மிச்சச் சாயம் இருந்தது. பன்றிக் கொழுப்பில் குழைத்து முகம், கழுத்து, இரண்டு கை எல்லாம் அப்பிக்கொண்டார்.

எட்டு மணிக்கு நாங்கள் திரும்பினால் வாசல் புல்தரையில் முப்பது பிள்ளைகள் அலறிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் பூதம்.

இர்மா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். சோப்பு போட்டுத் தேய்த்தாள். கொழுப்பு போயிற்று, பச்சை போகவில்லை. சாய டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"'எத்தனை முறை துவைத்தாலும் போகாது'ன்னு போட்டிருக்கான், பாவி மனுஷா!"

"அது துணிக்குத்தானே போட்டிருக்கு," என்றார் வென்டல்.

எலுமிச்சை, சமையல் சோடா, பல்பொடி. விடியும்போது வெள்ளரிக்காய் நிறத்திலிருந்து முட்டைகோஸ் நிறத்துக்கு வந்திருந்தார். கடைசியில் என் பவுடர்ப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். நானும் கெட்டியாகப் பூசினேன். பச்சை மறைந்தது. ஆனால் சவப்பெட்டியில் கிடத்தி மலர்வளையம் வைக்க வேண்டியதுதான் பாக்கி என்கிற மாதிரி ஆகிவிட்டது முகம்.

அப்போது டார்லா கல்யாண கவுனோடு படியிறங்கி வந்தாள். வென்டல் எழுந்து நின்றார். தலை நிமிரவில்லை.

"நான் பின்னாடி எங்கயாவது உக்காந்துக்கறேம்மா. உன்னை மாமா கூட்டிட்டுப் போகட்டும்."

அவள் அவரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். "அந்தப் பவுடரைத் தொடைங்கப்பா. பிணத்தோட கைகோத்து நடக்க என்னால முடியாது. பூதம்னா எனக்குப் பழக்கம்தான்."

சர்ச் வாசலில் மாப்பிள்ளையின் அப்பா ஹோபார்ட் நின்றிருந்தார். டொலீடோவில் பாங்க் மேனேஜர். சட்டைக் காலர்கூடச் சிரிக்காத மனிதர். வென்டலைப் பார்த்ததும் இர்மாவைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"என்னம்மா, கல்லீரல் கோளாறா?"

"இல்லிங்க, மூளை," என்றாள் இர்மா.

வென்டலுக்கு நிறத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. "இந்தப் பெண்ணை யார் தருகிறார்கள்?" என்று பாதிரியார் கேட்கும்போது, "அவள் தாயும் நானும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். மூன்று வாரமாகக் காரேஜில் ஒத்திகை பார்த்தும் நாக்கு குழறிக்கொண்டே இருந்தது.

பாதிரியார் கேட்டார். வென்டல் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அந்த நேரத்தில், ஏழாவது வரிசையிலிருந்து நேற்றைய குட்டி தேவதை பெஞ்சின்மேல் ஏறிக் கத்தினாள்.

"அம்மா, பூதம்! சாகவே இல்ல!"

வென்டல் திரும்பிப் பார்த்தார். என்ன தோன்றியதோ, நெஞ்சை நிமிர்த்தி, சேற்றுக்குள்ளிருந்து வருகிற அந்த உறுமல் குரலிலேயே, "அவ அம்மாவும் நானும்!" என்றார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாதிரியார் பைபிளால் முகத்தை மூடிக்கொண்டார். மேலே தொடர இரண்டு நிமிஷம் ஆயிற்று. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள் இர்மா.

விருந்தில் அவர் மேஜைவிரிப்புகளோடு அச்சாகப் பொருந்தினார். நிறம் போக ஒன்பது நாள் பிடித்தது, காதுக்குப் பின்னால் மட்டும் இன்னும் இரண்டு வாரம். அந்த ஒன்பது நாளில் எங்கள் ஊரில் பதினொரு டி.வி. கெட்டுப்போனது. போய்ப் பார்த்தால் ஒன்றிலும் கோளாறு இல்லை. காபியும் கேக்கும் எடுத்து வைத்துக்கொண்டு குடும்பமே நாற்காலி போட்டுக் காத்திருந்தது.

மறு வருஷம் அக்டோபரில் அவர்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. டொலீடோவிலிருந்து ஹோபார்ட். பாங்க்கில் ஹாலோவீன் விருந்தாம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சம்பந்தி, அந்தக் காது எப்படிப் பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

தொலைபேசி என்றாலே ஓடி ஒளிகிற வென்டல், சுவரில் சாய்ந்து நின்று முக்கால் மணி நேரம் பேசினார்.