ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு ஓர் இடம்

எங்கள் சென்ட் லோரன்ட் பகுதியில் காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடையில், சனிக்கிழமை காலைகளில் அவரைக் காண்பேன். நரைத்த மீசை. கடைக்குள் எவ்வளவு வெக்கையாக இருந்தாலும் கழுத்துவரை பூட்டிய ஜாக்கெட். காய்ந்த உடுப்புகளை மடியில் குவித்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் போக்கர் போட்டி விளையாடுவார். அதை விளையாட்டு என்று சொல்வதுகூடக் கஷ்டம். வந்த சீட்டை ஒருமுறை பார்ப்பார், ஆடாமலே எறிந்துவிடுவார், ஒரு காலுறைக்கு ஜோடி தேடத் தொடங்குவார்.

ஒருநாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். போட்டியில் பதினொரு பேர் மிஞ்சியிருந்தார்கள். கடைசிப் பத்துப் பேருக்கும் ஒரே பரிசுதான்: மறுநாள் நடக்கும் பெரிய போட்டியில் ஓர் இடம். அப்போது அவருக்கு இரண்டு ஏஸ் வந்தன. அதைவிட நல்ல சீட்டு அந்த ஆட்டத்தில் இல்லை. அவர் முறை வருமுன்னே இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு கையிலிருந்த அத்தனையையும் பந்தயம் வைத்தார்கள். இவர் ஏஸ்களை எறிந்தார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்!" என்று கத்திவிட்டேன்.

"அவங்கள் ரெண்டு பேரும் அடிபடட்டும். ஒருத்தன் தோத்துப் போனாக் காணும், மிச்சம் பத்துப் பேர்தானே."

ஒருவன் போனான். இவருக்கு இடம் கிடைத்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அப்ப நாளைக்குப் பெரிய போட்டியோ?"

"அதுக்கு ஆர் போறது?" காலுறையைச் சுருட்டினார். "அங்க வாறதெல்லாம் என்னை மாதிரி ஏஸையே எறியிற ஆக்கள்."

அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்துக்காகச் சீட்டுகளை எறிந்துகொண்டிருந்தார்.