கண்ணைத் திறந்துகொண்டு செய்த ஜெபம்

கர்த்தருக்குள் பிரியமான சகோதரிகளே, ரொம்ப நாள் நான் கண்ணை மூடாமல்தான் ஜெபம் பண்ணினேன். பக்தி குறைவு என்று நினைக்க வேண்டாம். பயம்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து மாப்பிள்ளையூரணியில் கட்டிய வீடு. அவர் இறந்துபோன பிறகு நானும் என் ஒரே மகனும் இருந்தோம். வெளியே அவன் தங்கமான பிள்ளை. ஆலயத்தில் எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போடுவான். வீட்டுக்குள் வந்தால் குழம்பில் உப்புக் கூடினாலும் கத்துவான், டிவி சத்தம் கூடினாலும் கத்துவான். "மூதேவி, நீ எப்பதான் சாவ?" என்பான். பிறகு கையும் நீண்டது. பெரும்பாலும் பின்னாலிருந்துதான் அடி விழும், முழங்காலில் நின்று ஜெபிக்கும்போதுகூட. அதனால் கண் தானாகத் திறந்துகொள்ளும்.

எல்லாக் காயத்துக்கும் "குளியலறையில வழுக்கிட்டேன்" என்று ஒரே காரணம் சொன்னேன். சொன்ன கணக்குக்கு நான் குளித்ததைவிட விழுந்ததுதான் அதிகம்.

மகனை மாற்றும் என்று அழுது அழுது கேட்டேன். அவன் மாறவில்லை. எனக்கே வெறுத்துப்போனது. லெந்து தவக்காலத்தில் ஒரு நாள் அடுப்படியில் உட்கார்ந்து, "ஆண்டவரே, ஒரே ஒரு தடவை கண்ணை மூடி உம்மோட பேசணும். அதையாவது தாரும்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்ததும், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த எஸ்தர் என்னை ஓரமாக அழைத்தாள்.

"ஏளா, ஜெபத்துல ஏன் கண்ணைத் தொறந்தே வச்சிருக்க?"

"நீ மூடியிருந்தா அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"உன்னப் பாக்கத்தான் நானும் தொறந்து வச்சிருந்தேன். ரெண்டு மூணு வாரமாப் பாக்கேன்."

அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜெபம் பண்ணுவாள் என்று தலையைக் குனிந்தேன். அவளோ கைப்பையை எடுத்தாள்.

"கெளம்பு, மகளிர் ஸ்டேஷனுக்குப் போவோம். ஜெபத்த ஆட்டோல பண்ணிக்கிடலாம்."

"பெத்த பிள்ளை மேலயா கேஸ் குடுக்கது?"

"நீ மூடி மறைச்சது போதும்" என்றாள்.

ஆட்டோவில் அவள் சத்தமாக ஜெபிக்க, ஓட்டின அண்ணாச்சி பாட்டை நிறுத்திவிட்டார்.

ஸ்டேஷனில் என் பேச்சைக் கடைசிவரை கேட்டார்கள். மகனைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். பெற்றோர் பாதுகாப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுத்தோம். வீடு என் பெயரில் இருந்தது. அவன் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவன் பெட்டியோடு போன அன்று நான் அழுதேன். அழுதபடியே கதவைப் பூட்டினேன்.

இப்போது அவன் டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறான். முழுசாக மாறிவிட்டான் என்று சொன்னால் பொய். ஆனால் போனில் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிறான். பார்க்க வந்தால் எஸ்தர் என்கூட இருக்கும்போதுதான் வர வேண்டும். அது என் சட்டம்.

மகனை மாற்றச் சொல்லிக் கேட்டேன். ஆண்டவர் முதலில் என்னைக் காப்பாற்றினார். அவருக்கு ஸ்தோத்திரம். அவனுக்காக இன்னும் ஜெபிக்கிறேன், நன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு. போன வாரம் ஜெபம் நீண்டுபோய் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. திட்ட ஆள் இல்லை. துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

சகோதரிகளே, உங்களில் யாராவது கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிறவர்களாக இருந்தால், ஆண்டவரிடம் சொன்னதைப் பக்கத்தில் இருப்பவளிடமும் சொல்லுங்கள். உங்களுக்காக அவளும் கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பாள்.