காலியாக இருந்த கட்டம்

காசிமேட்டில் விசைப்படகுச் சங்கத்தில் கணினி வேலை பார்த்தேன். எக்செல் கோப்பிலிருந்த படகு விவரங்களை இணையப் பக்கத்தில் அட்டவணையாக வரவைத்தேன். 'கரை திரும்பிய நாள்' காலியாக இருந்த வரிகள் கண்ணை உறுத்தின, அவற்றை மறைத்துவிட்டேன்.

பனி மூடிய ஒரு காலையில், மீன் விற்கும் லட்சுமியக்கா திரையை எட்டிப் பார்த்தவர் வெளிறிப்போனார்.

"இன்னா தம்பி, எங்க வூட்டுக்காரர் போட்டையே காணோம்?"

"இன்னும் கரைக்கு வரலையேக்கா. கட்டம் காலியா இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"காலியா இருந்தா இன்னா? அதைப் பாத்துகினுதானே நாங்க கீறோம்!"

வரியைத் திரும்ப வைத்தேன். அந்த வெள்ளைக் கட்டம், சன்னலுக்கு வெளியே தெரிந்த பனிக்கடலின் ஒரு துண்டுபோல மிதந்தது. அக்கா அதன்மேல் விரலை வைத்தபடி நெடுநேரம் நின்றார்.

இன்றும் எந்த அட்டவணையிலும் காலிக் கட்டத்தை நான் மறைப்பதில்லை. அங்கே யாரோ வந்துகொண்டிருக்கலாம்.