புழுவக்காவின் பட்டினித் தட்டுகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் புழுக்கள் ஊர்வதற்கான அகர் என்ற கடற்பாசிக் கூழைக் காய்ச்சி, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றுபவன் நான். படிப்பு எட்டாவதோடு சரி. பாத்திரம் கழுவ வந்தவன், காய்ச்சும் அறைக்கே தலைவனானேன். இருபத்தாறு வருடத்தில் என் கூழில் ஒரு கட்டி விழுந்ததில்லை. போகட்டும், இது புழுவக்காவின் கதை. ஊருக்கெல்லாம் அக்கா, எனக்குத் தங்கச்சி.

ஒன்பது வருடம் பிள்ளைகளோடு வீட்டில் இருந்துவிட்டு, நாற்பது வயதில் ஆராய்ச்சிக்குத் திரும்பியவள். வளர்த்தது உருளைப்புழு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். தீனி தீர்ந்தால் குட்டிப்புழு வளர்வதை நிறுத்தி, வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தீனி கிடைத்தால் மறுபடி வளரும்.

"எந்த மரபணு அதை எழுப்பி விடுதுன்னு கண்டுபிடிக்கணும்ணே" என்பாள்.

அதற்காக நாலு வருடம் பாடுபட்டு, எழுப்புவது இதுதான் என்று தான் சந்தேகப்பட்ட மரபணு பச்சையாக ஒளிரும்படி ஒரு புழு வகையை உருவாக்கினாள். உறைந்தாலும் பிழைக்கும் அந்தப் புழுக்களில் கொஞ்சத்தை உறைபெட்டியில் நகலாக வைப்பதை மட்டும் "அடுத்த வாரம்" என்றே தள்ளிப்போட்டாள். ஒரு விடுமுறையில் வளர்ப்புப் பெட்டி மக்கர் பண்ணிச் சூடு எகிறியது. திங்கட்கிழமை திறந்தால் எல்லாப் புழுவும் வெந்து கிடந்தன.

தலையில் கைவைத்து உட்கார்ந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஆறு வாரம் முன்னாடி கழிச்ச தட்டெல்லாம் அவிச்சிட்டீங்களாண்ணே?"

வேலை முடிந்து கழித்த தட்டுகளை, புழுவும் கிருமியும் சாக, வெள்ளிதோறும் நீராவியில் அவித்தாக வேண்டும். ஆனால் அரைப் பானைக்கு நீராவி விடுகிற ஆள் நானில்லை. பானை நிறையட்டும் என்று சேர்த்து வைப்பேன். அதற்காக மேலதிகாரியிடம் வாங்காத வசவில்லை.

"தொட்டிக்குக் கீழ பதினெட்டு இருக்கு தங்கச்சி. நீயும் திட்டாத."

"திட்டறதா? கும்பிடறேண்ணே! தீனி தீர்ந்து வாயடைச்சுக் கெடக்கிற குட்டி ஒண்ணாவது அதுல இருக்கும்."

காய்ந்து சுருங்கிய ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டு வெட்டி, தீனி பூசிய புதுத் தட்டில் வைத்தாள். மறுநாள் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தாள். பதினேழு தட்டில் ஒரு அசைவும் இல்லை.

கடைசித் தட்டைப் பார்த்ததும் கத்தினாள். "ஒண்ணே ஒண்ணு ஊருது. பச்சையா இருக்கு!"

"ஒண்ணை வெச்சு என்ன பண்றது?"

"இது தனியாவே முட்டை போடும்ணே."

"பரவாயில்ல, மாப்பிள்ளை தேடற அலைச்சல் மிச்சம்."

ஒரு வாரத்தில் தட்டு முழுக்கக் குட்டிகள். அன்று நகல் குப்பிகளை உறைபெட்டியில் வைத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் தண்ணீரே குடித்தாள்.

எழுப்புவது அந்த மரபணுதானா என்பதற்கு விடை இன்னும் வரவில்லை. வந்ததும் முதலில் என்னிடம்தான் சொல்வாளாம். சொன்னால் எனக்குப் புரியும், யாரும் சந்தேகப்பட வேண்டாம்.