தவராணி டீச்சரிடமிருந்து பறித்த ஆறாம் வகுப்பு

செவ்வாய்க்கிழமை காலை, வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் தாளாளர் போட்டிருந்தார்: "அகதியாய் வந்து அன்னையாய் வாழ்ந்த நம் தவராணி டீச்சர் இன்று அதிகாலை மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, உடம்புக்கு முடியலையா? நெழல்ல போய் உக்காரு, உன் எடத்த நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த மனிதருக்கு இருந்த கனிவில் பாதி எங்கள் ஆசிரியர் அறையில் இருந்திருந்தால் இதை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அவரிடம் படித்தவர்களே, அவரோடு வேலை பார்த்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அன்னை என்று எழுதிய அதே கைதான் மூன்று வருடங்களுக்கு முன்னால் அவருடைய வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு அவரை நூலகத்தில் உட்கார வைத்தது. பள்ளி மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். "பழசெல்லாம் கெளற வேணாம் மிஸ். நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க, போதும்" என்றார் பள்ளி அலுவலகத்துப் பெண். நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு வரவில்லை. அதனால் மலருக்கு எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

தவராணி டீச்சர் இலங்கையிலிருந்து இளம் வயதில் அம்மாவோடு படகில் வந்தவர். சில வருடங்கள் முகாமில் இருந்துவிட்டு அண்ணாமலை அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தார். செங்கம் சாலையில் இருக்கும் எங்கள் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தார். அந்தப் படகைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. காரணத்தை ஒருநாள் அவரே சொன்னார். "இஞ்ச வேலைக்கு வந்த முதல் நாள் எல்லாரும் என்ர கதையைக் கேட்டவை. நான் என்ன பாடம் எடுப்பன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல." கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள், எங்களுக்கு அது உறைக்கவில்லை.

அவருடைய வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று சொன்னால்தான் மற்றது புரியும். அடி அண்ணாமலையின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆசிரமப் பக்கம் விடுதிகளில் சமைக்கும் நேபாளக் குடும்பங்களின் பிள்ளைகள், கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்கள். தியானம் பழக வந்து இங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரத் தாய்மாரின் பிள்ளைகளும் ஒன்றிரண்டு பேர் உண்டு. எங்களில் பலருக்கு அந்த வகுப்பு தலைவலி. விளம்பரத் தாளில் படம் போட மட்டும் அது பள்ளிக்கு வேண்டியிருந்தது.

நான் சமூக அறிவியல் எடுப்பவள். சேர்ந்த புதிதில் அந்த வகுப்பில் பாடத்தைத் தொடங்கும் முன், "உங்க சொந்த ஊர்ல என்ன விசேஷம், ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றேன். ஒடிசாவிலிருந்து வந்த சுஷ்மா எழுந்து வெகுநேரம் யோசித்துவிட்டு, "எந்த ஊரு மிஸ்?" என்று கேட்டாள். கட்டடம் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போகும் குடும்பம் அவளுடையது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அடுத்த பாடவேளைக்காக வாசலில் காத்திருந்த தவராணி டீச்சர் என்னை வராந்தாவில் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பிள்ளை வகுப்பில இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும். பிறகேன் கேட்டனீங்கள்?"

"புஸ்தகத்துல அப்படித்தான் இருக்குது டீச்சர்."

"புத்தகத்துக்கு உங்கட வகுப்பைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

எனக்கு முகம் சுருங்கிப் போனது. இவர் யார் எனக்குச் சொல்ல என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த 'இவர் யார்' என்பதற்குள் என்ன இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும், அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளாலும் பதில் சொல்லக்கூடிய கேள்வியைத்தான் வகுப்பில் முதலில் கேட்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். லீவுக்கு எங்கே போனாய், வீட்டில் என்ன பலகாரம், அப்பா என்ன வேலை செய்கிறார், இதெல்லாம் கேட்க மாட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வாற வழியில என்ன பாத்தனீங்கள்?" வண்டியில் வந்தாலும் நடந்து வந்தாலும் எல்லோரும் எதையாவது பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். அதிலிருந்தே இறந்தகாலமும் நிகழ்காலமும் பிறக்கும், கட்டுரை பிறக்கும். ஒருநாள் பிரெஞ்சுக்காரர் வீட்டுப் பெண் எழுந்து, கிரிவலப் பாதையில் ஒரு சாமியார் மரத்தடியில் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், அது சாமியார் இல்ல, எங்க மாமா. சபரிமலைக்கு மாலை போட்டிருக்காரு." டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு முழுதும் அந்த மாமாவை வைத்தே பாடம் நடந்தது.

புதிதாக வந்த பிள்ளை பதில் தேடித் தடுமாறினால் அவர் மொழிபெயர்த்துத் தர மாட்டார், இன்னொருவரைச் சொல்லச் சொல்லவும் மாட்டார். காத்திருப்பார். வகுப்பு முழுதும் காத்திருக்க வேண்டும். கண்காணிக்க வந்த தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு "நேரம் அதிகம் வீணாகிறது" என்று குறிப்பு எழுதினார். "காத்திருக்கிறதும் ஒரு பாடம்தான். கெட்டிக்காரப் பிள்ளையளுக்குத்தான் அது நிறைய வேணும்" என்று டீச்சர் பதில் சொன்னார். குறிப்பு மாறவில்லை, அவரும் மாறவில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு தகப்பனார் சண்டைக்கு வந்தது நினைவிருக்கிறது. என் ஊர்க்காரர், எங்களுக்கு உறவுமுறை. "இந்திக்காரப் பிள்ளைங்களோட உக்கார வெச்சீங்கன்னா எங்க பொண்ணோட தமிழ் கெட்டுப் பூடும்" என்று அவர் குதித்தார். டீச்சர் நிதானமாக அவர் பேசி முடிக்கும்வரை பார்த்திருந்தார். "நான் கதைக்கிற தமிழ் உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். "பாதிதான் புரியுது டீச்சர்." "உங்கட மகளுக்கு முழுக்க விளங்கும். அவவின்ர தமிழ் கூடியிருக்கு, குறையேல்ல." மனிதர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "வாஸ்தவம்தான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் இரண்டாவது மகளையும் டீச்சர் வகுப்பிலேயே போடச் சொல்லி வந்து நின்றார்.

ஒற்றுமை, ஒருமைப்பாடு என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் பேச அவரைக் கூப்பிட்டால் போக மாட்டார். "எல்லாரும் ஒண்டு எண்டு சொல்லுறவை, எல்லாரும் தங்களை மாதிரி இருக்கோணும் எண்டுதான் சொல்லுகினம்" என்பார். இதைத் திமிர் என்றார்கள் ஆசிரியர் அறையில். நன்றி கெட்டவர் என்றும் ஒருவர் சொன்னார். எதற்கு நன்றி? இருபது வருடம் பாடம் எடுத்ததற்கு நாங்களல்லவா நன்றி சொல்ல வேண்டும்?

இப்போது ஆண்டுவிழாவுக்கு வருகிறேன். பள்ளி மலரில் வராத பகுதி இதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள் என்று, 'உலகமே ஒரு வகுப்பு' என ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவரவர் ஊர் உடையில் மேடையேற வேண்டும். நேபாளப் பெண்ணுக்கு இடுப்பில் அட்டைக் கத்தி. ஜவ்வாது மலையிலிருந்து வந்த மல்லிகாவுக்குப் பச்சைக் காகிதத்தில் இலைப்பாவாடை. கடைசியில் தவராணி டீச்சர் வெள்ளைப் புடவையில் ஒரு தெர்மாகோல் படகில் நிற்க வேண்டும். ஆமாம், படகில். இதை யோசித்தவர்களுக்கு அன்றைக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வந்தது என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆசிரியர் கூட்டத்தில் டீச்சர் எழுந்தார். "என்னை விடுங்கோ. மல்லிகா இலை கட்டிக்கொண்டு வந்ததை நீங்கள் எப்ப கண்டனீங்கள்? அவ தினமும் உங்கட யூனிபோர்மைத்தான் போட்டுக்கொண்டு வாறா." தாளாளர் சிரித்தார். "டீச்சர், இது எங்க ஸ்கூல். எங்க ஊரு. வந்த எடத்துல கொஞ்சம் அனுசரிச்சுப் போவணும்." டீச்சர் எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் பார்வை என்னிடம் வந்தபோது நான் குனிந்து நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன். தொகுப்புரை என்னுடையது, மைக் என் கையில் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

விழா நாளில் நான் மேடையில் நின்று, "அடுத்து, ஜவ்வாது மலையின் மகள் மல்லிகா!" என்று அறிவித்தேன். பறை ஒலியைப் போட்டார்கள். யாரும் வரவில்லை. மறுபடி அறிவித்தேன். முன்வரிசையில் இருந்த விருந்தினர்கள் கைதட்டக் கைகளைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் இலைப்பாவாடை தரையில் கிடந்தது. டீச்சர் யூனிபார்ம் போட்ட மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்பு அவரிடம் இல்லை. "அவங்களுக்கு உடம்புக்கு முடியல, நாங்களே ரெஸ்ட் குடுத்திருக்கோம்" என்று பெற்றோர்களிடம் சொன்னார்கள். பச்சைப் பொய். நூலகத்தில் உட்கார வைத்தார்கள், இடைவேளையில் பிள்ளைகள் அவரைத் தேடி ஓடுகிறார்கள் என்று தெரிந்ததும் இடைவேளையில் நூலகத்தைப் பூட்டினார்கள். ஒவ்வொரு ஜூனிலும் அவர் ஒரு கடிதம் எழுதினார்: ஏதாவது ஒரு வகுப்பு, வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது போதும். மூன்று கடிதங்கள். மூன்றையும் என்னிடம் கொண்டுவந்து, "நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா நல்லா இருக்கும் தங்கச்சி" என்றார். "பாக்கலாம்க்கா" என்றேன், மூன்று முறையும். அவர் கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். தாளாளர் மேல் எனக்கிருக்கும் கோபம் பெரிது. என் மேல் இருக்கும் கோபத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை பள்ளி மைதானத்தில் அஞ்சலிக் கூட்டம். படத்துக்கு மாலை, பின்னால் பெரிய பேனர். தாளாளர் நா தழுதழுக்கப் பேசினார். "நம்மள நம்பி வந்தாங்க, நாம எடம் குடுத்தோம்" என்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "அவங்கள மாதிரியே வெளியூர்லேருந்து, வெளிநாட்டுலேருந்து வந்த பிள்ளைங்க மட்டும் எழுந்து வந்து மொதல்ல பூ போடுங்க" என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பாதி எழுந்தும் எழாமலும் நின்றார்கள். பேசுவோர் வரிசையில் அடுத்தது நான். நடந்துபோய் மைக்கை வாங்கினேன். "யாரும் எழுந்திருக்க வேணாம், உக்காருங்க" என்றேன். பிறகு இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன், என் கையெழுத்து இல்லாத மூன்று கடிதங்கள் உட்பட. தாளாளர் எழுந்து வந்து, "மிஸ் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். மறுநாள் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது.

பேச்செல்லாம் முடிந்ததும் மல்லிகா என்னிடம் வந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு, என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். பாராட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னிக்கு சொன்னீங்களே மிஸ், அத அன்னிக்கு ஏன் சொல்லல?"

சுற்றி வளைக்க எனக்கு வாய் வரவில்லை. "பயமா இருந்துச்சு மல்லிகா" என்றேன். "டீச்சர் மாதிரி தைரியம் எனக்குக் கெடையாது."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"டீச்சருக்கும் பயந்தான் மிஸ். மேடைக்குப் பின்னால அந்த எலைப்பாவாடை நாடாவ அவுக்கறப்ப அவங்க வெரல் அப்படி நடுங்குச்சு. முடிச்சு வரவே இல்ல. நீங்க ரெண்டாவது வாட்டி எம்பேரச் சொல்றப்பதான் அவுந்துச்சு."

சொல்லிவிட்டு அவள் பூப் போடக் காத்திருந்தவர்களின் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

டீச்சர் வீட்டிலிருந்து அவரவர் ஞாபகத்துக்கு எதையெதையோ எடுத்துப் போனார்கள். பேனா, அகராதி, ஒரு சால்வை. நான் எதையும் கேட்கவில்லை. அவருக்குப் பயம் கிடையாது, அதனால் அவரால் முடிந்தது என்று மூன்று வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். அந்தப் பொய்யும் இப்போது போய்விட்டது. நான் பார்க்காத அந்த விரல்களைத்தான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். நடுங்கிக்கொண்டேதான் அவை அந்த முடிச்சை அவிழ்த்தன.