மின்தடை நாளில் மங்கலத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்

காலை ஏழரைக்குத் திருப்பூரில் மங்கலம் பேருந்து ஏறினேன். முந்தைய இரவு பேருந்து நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில் கழிந்தது. கொசுவைத் தவிர யாரும் எழுப்பவில்லை. எட்டொன்பது கிலோமீட்டர்தான். எதிரே துணி மூட்டை ஏற்றிய டெம்போக்கள் வந்துகொண்டே இருந்தன.

மங்கலத்தில் விசைத்தறி ஓட்டும் கனகராஜ், பழனி பேருந்தில் பழக்கமானவர். அரசு உரிமம் பெற்று வீட்டில் வானொலி நிலையம் வைத்திருக்கிறார். இப்படிப்பட்டவர்களை ஹாம் என்கிறார்கள். தன் வீட்டில் இணையமே இல்லாமல் மின்னஞ்சல் அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அது எப்படி என்று பார்க்காமல் அந்தப் பக்கத்தைவிட்டுப் போக மனம் வரவில்லை.

மொட்டை மாடியில் ஓர் இரும்புக் கம்பம். உச்சியிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்கும் செம்புக் கம்பி. கீழே லாரி பேட்டரி, வானொலி, மடிக்கணினி, நடுவே ஒரு சின்ன டப்பா. கணினியில் எழுதுவதை டப்பா கீச்சொலியாக மாற்றுகிறது. வானொலி அதை அனுப்புகிறது. பெங்களூருப் பக்கம் இன்னொரு ஹாமின் நிலையம் அதைக் கேட்டு இணையத்தில் சேர்க்கிறது.

"இன்னைக்குப் போகலீன்னா தம்பி கம்பத்தப் புடுங்கிருவானுங்க" என்றார் கனகராஜ்.

வீட்டில் பங்குள்ள தம்பி சண்முகம் தாராபுரத்தில் இருக்கிறார். மாடியில் தகர ஷெட் போட்டுத் தையல் மெஷின் இறக்க அவருக்கு ஆசை. இன்று மாலைக்குள் ரேடியோ வழியாக அவர் போனுக்கு மெயில் வந்தால் கம்பம் நிற்கும், வராவிட்டால் இறங்கும் என்று பேச்சு.

தறிகள் ஓடும்போது எழும் மின் இரைச்சல் வானொலியை மூழ்கடித்துவிடுமாம். அதனால்தான் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்காகக் காத்திருந்திருக்கிறார். ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. தெரு ஊமையானது. இரைச்சல் காட்டும் முள் கீழே விழுந்தது. கனகராஜ் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். உடனே பக்கத்து பனியன் யூனிட்டில் ஜெனரேட்டர் உறுமி, தையல் மெஷின்கள் ஓடத் தொடங்கின. முள் பழைய இடத்துக்கே ஏறியது.

அவர் மனைவி செல்வி விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க, கரண்ட்டு போனா ஜெனரேட்டர் போடுவாங்கன்னு நம்மூர்ல பொறந்த ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

யூனிட்டை நடத்தும் ஈஸ்வரியிடம் கனகராஜும் நானும் போனோம்.

"ஈஸ்வரிக்கா, ஒரு அரை மணி நேரம் நிறுத்துனீங்கன்னா..."

"அரை மணியா? இன்னைக்கு ஷிப்மென்ட்டுங்க. பதினோரு மணி டீக்கு நிறுத்துவோம், அதுக்குள்ள முடிச்சுக்குங்க. இன்னும் கேட்டீங்கன்னா எங்க பீஸையும் ஒங்க ரேடியோலயே அனுப்பச் சொல்லீருவேன்."

பதினோரு மணிக்கு ஜெனரேட்டர் நின்றது. பெங்களூரு நிலையம் பதில் கீச்சிட்டது. நான் திரையைப் பார்த்தேன். கடிதம் எறும்பாக ஊர்ந்தது. அரைவாசிகூடப் போயிருக்காது, கீழே யூனிட்டில் டீ முடிந்து டம்ளர் அலம்பும் சத்தம் கேட்டது.

"அப்படி என்னத்தங்க எழுதுனீங்க?" என்றார் செல்வி.

"கம்பம் ஏன் இருக்கோணும்னு..."

"எத்தன பக்கம்?"

கனகராஜ் திரையைச் சற்றே தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அத்தன நாயத்தையும் அழிச்சுப்போட்டு, சாப்ட்டயான்னு கேளுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அழித்தார். 'சாப்ட்டயா கண்ணு? அங்க மழையா?' என்று தட்டி அனுப்பினார். நாலைந்து கீச்சொலி. போய்விட்டது என்று திரை சொன்னதும் ஜெனரேட்டர் மறுபடி உறுமியது.

கொஞ்ச நேரத்தில் சண்முகத்தின் போன் வந்தது. கனகராஜ் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, மெயில் வந்துருச்சுங்க. சாப்ட்டாச்சு. மழ இல்லீங்க. பக்கம் பக்கமா நாயம் வரும்னு பாத்தேன்."

செல்வி சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கம்பம் இருக்கட்டுமுங்ணா. ஷெட்ட வடக்கால போட்டுக்கறேன்."

"வடக்கால கம்பி எறங்குது கண்ணு..."

"ஆரம்பிச்சுட்டீங்களா!"

நாலு மணிக்கு மின்சாரம் வந்தது. தறிச் சத்தத்தில் விடைபெற்றதுகூடச் சரியாகக் கேட்கவில்லை. எங்கள் ஊரிலும் மாதம் ஒரு நாள் மின்சாரம் நிற்கும். விசிறிக்கொண்டே மின்வாரியத்தைத் திட்டுவோம். நான் படியிறங்கும்போது கனகராஜ் செய்தித்தாளில் அடுத்த மின்தடைத் தேதியைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்ன எழுதுவது என்பதைச் செல்வி சொல்வதாக ஏற்பாடு.